குமரேசன் கல்யாணத்துக்கு வரவேண்டிய கிட்டார்க்காரனுக்கு

தம்பி அருள்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் நலத்தை நேற்றே பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு மெர்சி தன் போனைக் கொண்டுவந்து நீட்டி, "டீச்சர், அண்ணன் லைவ்ல வந்துருக்காங்க, பாருங்க" என்றாள். பார்த்தேன். தாடி வளர்ந்திருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, பின்னால் கொடியில் காய்கிற துண்டு போன பொங்கலுக்கு நான் கொடுத்தனுப்பியது. பதினேழு நிமிடம் பேசினாய். அதில் பதினைந்து நிமிடம் குமரேசனைத் திட்டினாய். அவனுக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது என்றாய், உன்னால் பெயர் வாங்கியவன் என்றாய், உன் இடத்தில் வேறொருவனை நிறுத்திக்கொண்டு உன் பாட்டையே வாசித்துப் பிழைக்கிறான் என்றாய். நீ அதைப் பேசிய அன்று காலையில்தான் அந்தக் குமரேசன் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு கல்யாணப் பத்திரிகையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. உன் அப்பா அந்த நீலக் கோட்டைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொள்கிறார். "பாத்துட்டாம்மா. உசுரோடதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு முந்திரிக் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். பெற்றவள் எனக்கு அது போதாது. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான். எழுதாமல் விட்ட பதிலுக்கு மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் சங்கதி எல்லாமே ஊர் பார்க்கத்தான் நடந்திருக்கிறது, இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உன் சங்கதியோடு என் சங்கதி ஒன்றும் இதில் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்கட்டும்.

குமரேசன் தன் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இலுப்பூரிலிருந்து வண்டியில் வந்தான். வெயிலில் இரண்டு பேர் முகமும் சிவந்து கிடந்தது. காப்பி கொடுத்தேன். டம்ளரை மூன்று விரலால் பிடித்தான். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் முழுதாக மடங்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். அவன் அம்மாதான் முதலில் பேசினார். "இவன் போன் பண்ணா தம்பி எடுக்க மாட்டேங்குதாம் டீச்சர். அதான் நேர்ல வந்து வச்சுட்டுப் போவோம்னு வந்தோம். நாளைக்கு முறையாக் கூப்பிடலன்னு பேச்சு வந்துறக்கூடாது பாருங்க." குமரேசன் தலையைக் குனிந்துகொண்டு, "அவன் வாசிக்கல்லாம் வேணாம்மா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க, எனக்கு அது போதும்" என்றான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரிப்பா, சொல்லிப் பார்க்கிறேன் என்று நிறுத்தியிருக்க வேண்டும். நான் யார்? "வருவாம்ப்பா. வர்றது மட்டுமா, வாசிக்கவும் செய்வான். நான் சொல்றேன்ல" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசுவது எனக்கு ஒரு வியாதி.

விஷயம் அதோடு நிற்கவில்லை. சாயங்காலமே அவன் சேக்காளிகள் இரண்டு பேர் வந்து, ஃபிளெக்ஸ் அடிக்க உன் படம் வேண்டும் என்றார்கள். நீ எனக்குப் படம் அனுப்பியா வைத்திருக்கிறாய்? பீரோவைக் குடைந்ததில் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம்தான் அகப்பட்டது. அதையே கொடுத்தேன். அவர்கள் அதற்குக் கீழே கம்ப்யூட்டரில் வேறு யாருடைய உடம்பையோ ஒட்டி, கையில் கிட்டாரைக் கொடுத்து, சுற்றிலும் தீ எரிகிற மாதிரி போட்டு, 'மணமக்களை வாழ்த்தி இசைக்க வருகிறார்' என்று எழுதி, ராத்திரியோடு ராத்திரியாக இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவின தலையோடு நீ நெருப்புக்கு நடுவில் நிற்கிறாய். உன் அப்பா இன்று காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நல்லாத்தான் இருக்கு என்கிறார்.

இனி நான் கோபப்பட வேண்டியதற்கு வருகிறேன். உனக்கு முப்பத்தாறு வயது. இந்த இருபது வருடத்தில் நீ ஒழுங்காக முடித்துவிட்டு வந்த இடம் என்று ஒன்றைச் சொல். பதினொன்றாம் வகுப்பு லீவில் உன் அப்பா எனக்குத் தெரியாமல் திருச்சிக்குப் போய் உனக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி, சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்தார். மூன்றாம் நாள் வைக்கோல் எடுக்கப் போனபோது அது என் காலில் இடித்தது. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன், அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அப்புறம் இன்ஜினியரிங்கில் சேர்த்தோம். மூன்றாம் வருடப் பரீட்சை அன்று நீ ஹாலில் உட்காராமல் கோயம்புத்தூரில் எந்தக் கல்லூரி மேடையிலோ நின்றாய். அங்கே வாங்கின கோப்பையில்தான் உன் அப்பா இன்றைக்கும் சவரச் சாமான் போட்டு வைத்திருக்கிறார். டிகிரி இன்னும் வரவில்லை.

இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில் உன் அறையில் இருந்தவன்தான் குமரேசன். நீங்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டுக்குக் 'கூச்சல்' என்று பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயரை மட்டும் நான் குறை சொன்னதில்லை, உண்மையைத்தான் வைத்திருந்தீர்கள். சென்னைக்குப் போனீர்கள். வளசரவாக்கத்தில் மொட்டை மாடி அறை, நாலு பேருக்கு ஒரு மின்விசிறி. சினிமாப் பாட்டுக்கு வாசிக்க உனக்கு ஒரு ஸ்டுடியோவில் இடம் கிடைத்தது. எத்தனை பேர் காத்துக் கிடக்கிற இடம் அது. மூன்றாம் மாதம் அந்த இசையமைப்பாளரிடமே, "சார், இது போன படத்துல போட்ட மெட்டுதானே, கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். நாலு மணிக்குச் சொன்னாய், ஐந்து மணிக்குத் தெருவில் நின்றாய். அதை ஏதோ சேனல் பேட்டியில் நீ பெருமையாகச் சொன்னபோது பார்த்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். நான் டிவியை அணைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். உண்மையைச் சொல்கிறவனுக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தெரிய வேண்டும்.

பெங்களூரில் ஒரு ஓட்டலில், சத்தத்தைக் குறைக்கச் சொன்ன மேனேஜரைப் பார்த்துக்கொண்டே இன்னும் கூட்டினாய், போலீஸ் வந்தது. கொச்சியில் சவுண்டு சிஸ்டம் பார்த்துக்கொள்கிறவனோடு சண்டை, பாதியில் இறங்கிப் போனாய், மற்ற மூன்று பேரும் கிட்டார் இல்லாமல் மீதியை ஒப்பேற்றினார்கள். எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஒவ்வொன்றுக்கும் அப்புறம் குமரேசன்தான் எனக்குப் போன் செய்வான். "ஒண்ணுமில்லம்மா, சின்ன பிரச்சன, நான் பேசிட்டேன்" என்பான். மேடைக்காரர்களிடம் பேசுவது அவன், வீட்டுக்காரரிடம் பேசுவது அவன், அடுத்த நிகழ்ச்சிக்கு உன்னை எழுப்பிக் குளிக்கச் சொல்வதும் அவன்தான். பத்து வருடம் உனக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவனைத்தான் நேற்று நீ பதினைந்து நிமிடம் கிழித்தாய்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வருடம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு உன்னைக் கூப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. இரண்டு மணி நேரம் தாமதமாக, முழங்கால் கிழிந்த பேண்ட்டோடு வந்து இறங்கினாய். மைக்கைப் பிடித்து, "டீச்சர் சொல்றத எல்லாம் கேக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தாய். முன்வரிசையில் வட்டாரக் கல்வி அலுவலர் உட்கார்ந்திருந்தார். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப நீங்க சொல்றதக் கேக்கலாமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கப்புறம் நீ மேடையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, இருநூறு பிள்ளைகளையும் இரண்டு பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு தாளத்தில் கைதட்ட வைத்தாயே, முக்கால் மணி நேரம் ஒரு பிள்ளைகூட எழுந்து ஓடவில்லை. மற்றவர்கள் தட்டுவதை எவ்வளவு உன்னிப்பாகக் காது கொடுத்துக் கேட்டாய். இவனுக்குக் கேட்கத் தெரியும், வேண்டுமென்றேதான் கேட்காமல் திரிகிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதுவே என் எரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

உனக்குத் திறமை இல்லை என்றால் நான் எப்போதோ விட்டுத் தொலைத்திருப்பேன். நீ அறியாத ஒன்று சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரி மைதானத்தில் நீங்கள் வாசித்தபோது நானும் உன் அப்பாவும் கடைசியில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றோம். சுற்றிலும் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மூன்று பாட்டு எனக்குத் தலைவலிதான். நாலாவதில் மற்றவர்கள் எல்லாரும் அடங்கி, நீ மட்டும் மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனாய். எந்தச் சுருதி என்று எனக்குத் தெரிந்தது, எங்கே போகிறாய் என்று தெரியவில்லை. குமரேசன் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நீ மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் அவன் ஒரு தட்டுத் தட்டினான். நான் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் பொது இடத்தில் அவர் கையை நான் பிடித்தது அன்று ஒரு முறைதான். உன்னிடம் சொன்னால் தலைக்கேறிவிடும் என்று சொல்லாமலே பஸ் ஏறி வந்துவிட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நீ அதைப் பற்றி வாயே திறக்காததால் நான்தான் எழுத வேண்டும். ஒரு இசை விழா மேடையில், நேரம் முடிந்துவிட்டது என்று விழாக்காரர்கள் ஓரத்திலிருந்து கை காட்டினார்கள். குமரேசன் நிறுத்தினான். மற்ற இரண்டு பேரும் நிறுத்தினார்கள். நீ நிறுத்தவில்லை. தனியாக வாசித்துக்கொண்டே இருந்தாய். மின்சாரத்தை நிறுத்தினார்கள். நீ திரும்பிக் குமரேசனைப் பார்த்தாய், கழுத்திலிருந்த கிட்டாரைக் கழற்றி டிரம்ஸ் மேல் வீசினாய். டிரம்ஸோடு நிற்கிற பெரிய பித்தளைத் தட்டு சரிந்து அவன் கையில் விழுந்தது. அவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். நீ மேடையில் நின்றாய். அந்த வீடியோவை எத்தனை லட்சம் பேரோ பார்த்து, தலைவா என்று எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் நானும் உன் அப்பாவும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா ஒரு வார்த்தை உன்னைப் பற்றித் தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நீ வரவில்லை. ஒரு போன் இல்லை. எட்டு மாதம் கழித்து அவன் திரும்ப வாசிக்க ஆரம்பித்து, வேறொரு கிட்டார்க்காரனைச் சேர்த்துக்கொண்டதும், துரோகி என்று அறிக்கை விட்டாய்.

இப்போது உனக்கு மிஞ்சியிருப்பது அந்த அறையும், ஆன்லைனில் கிட்டார் கற்றுக்கொள்ளும் ஏழெட்டுப் பிள்ளைகளும், தலைவா என்று எழுதுகிற முகம் தெரியாதவர்களும்தான். அவர்களில் ஒருவன்கூட உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க வரமாட்டான். போன பொங்கலுக்கு வந்தபோது நீ டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாய். அப்பா கவனித்தார். "இவனுக்கு எடது காது சரியில்ல போல" என்றார். முதலில் போய்க் காதைக் காட்டு. எனக்கு அறுபத்தைந்து முடிந்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உன்னைத் திட்ட நான் எவ்வளவு நாள் இருப்பேன் என்று தெரியாது.

குமரேசனிடம் போய் மன்னிப்புக் கேள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் மேலே எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் போய் வெளியே இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன். கேள் என்று உனக்குச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியாமல்தான்.

அப்போது உனக்குப் பதினாறு வயது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன், சாயங்காலப் பூசை. அந்தப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது கோயில் மணி எல்லாம் சேர்ந்து அடிக்கும். பாட்டு முடிந்து மணி நின்றுவிட்டால், சனிக்கிழமைப் பாஸ்கா திருவிழிப்பு வரைக்கும் மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது, மரக்கட்டையைத் தட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவோம். நான் பாடகர் குழுத் தலைவி. நீ முதல் தடவையாகக் கோயில் கிட்டாரை எடுத்திருந்தாய். ஒத்திகையின்போது என்னிடம் தனியாக வந்து, "எப்பம்மா நிறுத்தணும்?" என்று கேட்டாய். "கோபுர மணி நிக்கிற வரைக்கும் வாசி. மணி நின்னா கையை எடுத்துரு" என்றேன். அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். பூசையில் பாட்டு முடிந்தது. பீடத்து மணி நின்றது, கீபோர்டு நின்றது, எல்லாரும் வாயை மூடினார்கள். நீ மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தாய். கண்ணை மூடிக்கொண்டு, முழுச் சத்தத்தில். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பூசை வைத்த பங்குச் சாமியார் பீடத்திலிருந்து என்னைப் பார்த்தார். நான் நாலு எட்டில் வந்து உன் ஸ்பீக்கர் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். சத்தம் அறுந்தது. அந்த அமைதியில் கோபுரத்து மணி இன்னும் மூன்று முறை அடித்து, அதற்கப்புறம்தான் நின்றது.

நீ கோபுரத்துப் பக்கத்து ஜன்னலோரம் நின்றாய், உனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஸ்பீக்கருக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நின்றேன், கேட்கவில்லை. மேலே மணிக் கயிறு இழுத்த கோயில்பிள்ளைக்குக் கீழே பாட்டு முடிந்தது தெரியவில்லை. இவ்வளவுதான் நடந்தது. நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்த ஒரே ஆள் அன்று அந்தக் கோயிலில் நீதான். மூன்றாவது மணி அடிக்கும்போது நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பூசை முடிந்து சாமி கேட்டார், "என்ன டீச்சர் ஆச்சு?" நீ என் பின்னால்தான் நின்றாய். "அடங்காத பய சாமி. கிட்டாரு கையில கெடைச்சா எல்லாத்தையும் மறந்துருவான்" என்றேன். அன்று என்ன நாள் என்று உனக்குத் தெரியும். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த நாளைக் கும்பிடுகிற பூசையில் நான் என் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கிட்டாரைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாய், அதற்கப்புறம் பாடகர் குழுப் பக்கமே வரவில்லை. அடங்காதவன் என்று ஊர் உன்னைச் சொல்ல ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான். அப்புறம் யார் நிறுத்தச் சொன்னாலும் நீ நிறுத்தியதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டால், பயம்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர், கோயிலில் டீச்சர், தப்புச் செய்துவிட்டேன் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னால் அப்புறம் யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், ஈஸ்டர் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். நீ ஒவ்வொரு இடத்திலும் சண்டை போட்டு வெளியே வரும்போதெல்லாம், பார், நான் சொன்னது சரிதான், இவன் அடங்காதவன்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் தப்பு ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வசதியாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன் வீடியோவைப் பார்த்து முடித்ததும் பாடல் ஒத்திகைக்குப் போனேன். இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் அன்று பிறந்திருக்கவே மாட்டார்கள். ஒத்திகை முடிந்ததும் உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். என் மகன் அன்று தப்புச் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று சொன்னேன். ஒரு பெண், "இதுக்கா டீச்சர் இம்புட்டு வருசம்?" என்றாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் முந்திரிப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிராமலே, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். அன்று கோயிலுக்குள் இடமில்லாமல் கோபுரத்தடியில்தான் நின்றாராம். கிட்டாரும் மணியும் சேர்ந்தேதான் கேட்டது, கிட்டார் நின்றபிறகு மணி மட்டும் கேட்டது என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "ஒங்கிட்ட யாரு சொல்றது? அதான் திருச்சிக்குப் போயி அவனுக்கு ஒரு கிட்டாரு வாங்கியாந்தேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் உனக்குச் செய்யாமல் விட்டது, கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வார்த்தை பேசுவதுதான்.

அதனால் அருள், மன்னித்துக்கொள். வயரைப் பிடுங்கினதற்கு இல்லை, மணி என் காதில் விழாமல் செய்தது அது. கேட்டபிறகும் புத்தகத்தைப் பார்த்தேனே, சாமியிடம் அப்படிச் சொன்னேனே, இருபது வருடம் அதையே சாதித்தேனே, அதற்கு. இதைச் சொல்லிவிட்டதால் குமரேசன் விரலுக்கு நான் பொறுப்பு என்று நீ கைகழுவ முடியாது. உன்னை ஒருத்தி அவமானப்படுத்தினாள் என்பதற்காக உனக்குத் தட்டுத் தட்டிக்கொண்டு நின்றவன் கையை உடைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? எனக்குக் கோபம் போகவில்லை. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை குமரேசனுக்குப் போன் செய்து, அருள் வாசிப்பான் என்று நான் சொன்னது என் வாய்க்கொழுப்பு, வருவானா என்பதும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். "பரவால்லம்மா. நீங்க வந்துருவீங்கல்ல?" என்றான். ஃபிளெக்ஸைக் கழற்றச் சொல்லலாம் என்று நினைத்தேன், கேட்க மனசு வரவில்லை. புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம், இலுப்பூரில். நானும் அப்பாவும் ஏழு மணி பஸ்ஸில் போகிறோம். நீ வந்தால் மேடைக்கு ஏறாதே. மாப்பிள்ளை அறைக்குப் போ, யாரும் போன் நீட்டாத இடத்தில் அவன் முன்னால் நின்று உன் வாயால் கேள். அவன் மன்னிப்பானா என்பது அவன் இஷ்டம், நீ என்னை மன்னிப்பாயா என்பது உன் இஷ்டமாக இருப்பதுபோல. ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவிடம் உனக்காக நான் கேட்டேன், பெங்களூரில், கொச்சியில் எல்லாம் உனக்காக அவன் கேட்டான். இனிமேல் உனக்காக யாரும் கேட்கப் போவதில்லை. நான் செய்ததற்கு நான் கேட்டுவிட்டேன். நீ செய்ததற்கு நீதான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா